அர்காடியஸ் காசும் பங்காளிக் காய்ச்சலும்

கோமதி, சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாது சித்தப்பா ஒரு புது இயந்திரத்தின் முன்னால் நின்று பேசும் வீடியோவைப் போனில் காட்டினீர்கள். தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பினால் பழைய காசின் அழுக்கு தானாகக் கழன்று விழுமாம். அவன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். "சித்தப்பா பேச்சு எடுத்தாலே ஏம்ப்பா கை கழுவப் போயிடறீங்க?" என்று கோமதி கேட்டாள். குழம்பில் காரம் என்று சொன்னேன். குழம்பில் காரம் இல்லை.

காரணம் பொறாமை. அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன் நான், எழுத்து நேராக வராது. ஆனால் எழுதும்போது யாரும் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் அல்லவா, அதனால் எழுதுகிறேன். நாங்கள் வேலை பார்த்த இடத்து அதிகாரிகளின் பேரையும் அலுவலகத்தின் பேரையும் எழுதவில்லை. அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

மாது என் சித்தப்பா மகன், அதாவது பங்காளி. நம் பக்கத்தில் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு அர்த்தம் இருக்கிறது. பங்குக்கு உரியவன், பங்குக்குப் போட்டியானவன். பங்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்வார்களே, அதற்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடையாது. எங்களுக்கு அது இண்டூரில் நிலம் பிரித்த அன்றே வந்துவிட்டது. பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் கை ஒரு பக்கம் சாயாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. என் அப்பா சரிபாதியாகத்தான் பிரித்தார். இளையவரான மாதுவின் அப்பா கிணற்றுப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல ஆள் இல்லாததால்தான் அப்பாவுக்குக் கடைசிவரை மனசு ஆறவில்லை.

நானும் மாதுவும் ஒரே நாளில்தான் பழம்பொருள் தேடும் அகழ்வு வேலைக்குக் கூலியாகப் போனோம். முதலில் மண் சுமந்தோம். பிறகு சல்லடை பிடித்தோம். பிறகு கொத்தனார் கரண்டி மாதிரி இருக்கும் சின்னக் கொல்லூறு பிடித்து மண்ணைத் தோல் உரிப்பதுபோல் உரிக்கக் கற்றுக்கொண்டோம். கை நிதானமானவர்கள் என்று பார்த்து, தருமபுரியில் ஒரு பழைய கட்டிடத்தின் பின்னறையில் இருந்த சுத்தம் செய்யும் பிரிவுக்கு எங்கள் இருவரையும் மாற்றினார்கள். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான மேடம் அங்கேதான் இருந்தார்.

மேடம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்தியதே கிடையாது. நாம் ஏதாவது சொன்னால், "பாத்தீங்களா, நினைச்சீங்களா?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால் தலையாட்டுவார். நினைத்தேன் என்றால், "அப்ப போய்ப் பாத்துட்டு வாங்க" என்பார். வேறு திட்டு இல்லை. ஆனால் அந்த அறையில் வேலை செய்த எவனும் "இருக்குமுங்க", "போலத் தெரியுதுங்க" என்று பேசுவதையே விட்டுவிட்டான்.

செம்புக் காசைச் சுத்தம் செய்வது எப்படி என்று சொல்கிறேன். நம் வீட்டில் பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்ப்போம் அல்லவா? அப்படித் தேய்த்தால் காசு பளபளக்கும், எழுத்து போய்விடும். அதனால் புளி, எலுமிச்சை, பவுடர் எதுவும் அந்த அறை வாசற்படியைத் தாண்டக் கூடாது. பேட்டரிக் கடையில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தண்ணீர் நிறம் மாறினால் மாற்ற வேண்டும். மூங்கில் சிம்பைச் சீவி, பல்குச்சி மாதிரி கூராக்கி, லென்சுக்கு அடியில் வைத்து மண்ணை மட்டும் தள்ள வேண்டும். மண்ணுக்கு அடியில் பச்சையாக ஒரு தோல் இருக்கும். அந்தத் தோல்தான் காசு. அதற்குள் இருப்பது வெறும் செம்பு. "எழுத்து வந்துடுச்சுன்னா கைய எடுத்துடுங்க" என்பார் மேடம். கையை எடுப்பதுதான் கஷ்டம். இன்னும் கொஞ்சம் எடுத்தால் இன்னும் தெளிவாக வரும் என்று விரல் பறக்கும்.

பொம்மிடிப் பக்கத்தில் ஒரு விவசாயி நிலம் சமன் செய்தபோது ஜேசிபி பல்லில் ஒரு கலயம் உடைந்தது. உள்ளே காசுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கலயத்தின் வடிவத்திலேயே கட்டியாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தக் கட்டி எங்கள் மேசைக்கு வந்தது. அதே சமயத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. சுத்தம் செய்யும் பிரிவுக்கு நிரந்தரமாக ஒரே ஓர் ஆளை எடுக்கப் போகிறார்கள், யார் என்று மேடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் இருவரும் தினக்கூலி. எடுபடாதவன் திரும்ப வெயிலுக்குப் போக வேண்டியதுதான். அப்போது கோமதி உங்கள் அம்மா வயிற்றில் இருந்தாள்.

கட்டியின் ஓரத்திலிருந்து முதல் காசு கழன்ற அன்று மேடம் எங்களை லென்சுக்குக் கூப்பிட்டார்.

"மூணு பேர் நிக்கிறாங்க. தெரியுதா?"

"நடுவுல இருக்கறவரு குட்டையா இருக்கறாருங்க மேடம்" என்றான் மாது.

"குட்டை இல்ல, குழந்தை. இது ரோம் நாட்டுக் காசு. இந்தப் பக்கம் ஈட்டி பிடிச்சிருக்கறது அர்காடியஸ், அண்ணன். அந்தப் பக்கம் ஹொனோரியஸ், தம்பி. இவங்கப்பா செத்ததும் ராஜ்ஜியம் ரெண்டாச்சு. அண்ணனுக்குக் கிழக்கு, தம்பிக்கு மேற்கு."

எனக்கு வேலை மறந்துவிட்டது. "யாருங்க பிரிச்சது? யாரு மொதல்ல எடுத்தது?" என்று கேட்டேன்.

"அப்பாவே முடிவு பண்ணி வெச்சுட்டுப் போயிட்டார்."

"கெணறு யாருக்குங்க விழுந்துச்சு?" என்றான் மாது, என்னைப் பார்க்காமல்.

எங்கள் வீட்டு விஷயம் மேடத்துக்குத் தெரியாது. அவர் நிஜமான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். "கிழக்குதான் செழிப்பான பங்கு. பெரிய பெரிய ஊரெல்லாம் அங்கதான்."

அண்ணனுக்குத்தான் கிணற்றுப் பக்கம் என்று கேட்டதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. அது அதிக நேரம் நிலைக்கவில்லை.

"ஆனா அர்காடியஸ் தானா எதையும் ஆளல. பக்கத்துல யார் நிக்கிறாங்களோ அவங்கதான் ஆண்டாங்க. முதல்ல ஒரு மந்திரி, அவர் போனதும் அரண்மனை அதிகாரி ஒருத்தர், அப்புறம் ராணி. தம்பியும் சின்னப் பையன், அவனுக்கு ஒரு சேனாதிபதி. நடுவுல இருந்த ஒரு சீமை யாருக்குன்னு ரெண்டு அரண்மனையும் வருஷக்கணக்கா முறைச்சுக்கிட்டு இருந்துது."

"வரப்புத் தகராறுங்க" என்று நானும் மாதுவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"அதேதான். ஆனா காசுல பாருங்க, எப்படித் தோளோட தோள் சேத்து நிக்கிறாங்க."

"எங்கூர்க் கல்யாணப் பத்திரிகை மாதிரிங்க மேடம்" என்றான் மாது. "பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்க பேரெல்லாம் அதுல வரிசையா நிக்கும்."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகை எனக்கும்தான் தோன்றியது. அவன் வாய் முந்திக்கொண்டது. சின்ன விஷயம்தான். ஆனால் அன்று முழுக்க நான் அந்தச் சிரிப்பையே கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் நிற்கும் குழந்தை அண்ணனுடைய மகன் என்றும், தொட்டிலில் கிடக்கும்போதே அதை ராஜாவாக்கி நிறுத்திவிட்டார்கள் என்றும், தம்பிக்குப் பிள்ளை இல்லை என்றும் மேடம் சொன்னார். மேற்கே இருந்த தம்பி கைக்கு இந்தக் காசு போய்ச் சேர்ந்தபோது அவன் எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்று நான் நினைத்தேன். பார்க்கவில்லை, நினைத்தேன்தான்.

கட்டி ஊறிக்கொண்டிருந்தது. மேடத்துக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. கட்டியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தார். ஜீப் வெளியே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கிளம்புகிற அவசரத்தில், "நான் வர்றதுக்குள்ள கட்டிய ஆளுக்குப் பாதி பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது வேலையை. முன்பே சொல்லியிருந்தபடி ஒவ்வொன்றாக ஒருவர் கழற்ற, ஒருவர் கழுவ, சேர்ந்து செய்யுங்கள் என்று அர்த்தம். எங்கள் காதில் அப்படி விழவில்லை. இண்டூரில் பங்காளிகள் இருவரை நிற்கவைத்து ஆளுக்குப் பாதி என்று சொன்னால் நடப்பது ஒன்றுதான்.

"பிரிங்கண்ணா. நீங்கதான பெரியவரு" என்றான் மாது.

"பிரிக்கறேன். நீ எடு."

கட்டியில் இயற்கையாகவே ஒரு விரிசல் இருந்தது. அதில் மூங்கில் சிம்பை நுழைத்து, தண்ணீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தினேன். என் அப்பா எப்படிச் சங்கிலி பிடித்து அளந்தாரோ அந்த அளவு நேர்மையாகத்தான் பிரித்தேன். ஒரு துண்டு பெரிதாக வந்தது. சிறிய துண்டின் மேல்முகத்தில் வட்டமாக ஒரு பச்சை, அதில் மூன்று பேர் நிற்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

மாது இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "பெரிய பங்கு பெரியவருக்கு இருக்கட்டுங்ணா" என்று சொல்லிவிட்டுச் சிறியதை எடுத்துக்கொண்டான். என்ன மரியாதை பாருங்கள்.

அதன் பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். என் துண்டில் பாதி களிமண். கழன்றதெல்லாம் தேய்ந்த காசு, தலை எது பூ எது என்று தெரியாத மொழுக்கை. அவன் பக்கம் ஒவ்வொன்றும் கிளி மூக்கு மாதிரி கூராக வந்தது. "அண்ணா, இங்க பாருங்க, கிரீடத்துல முத்து முத்தா இருக்குது" என்பான். "ம்" என்பேன். "உங்க பக்கம் என்னங்ணா?" என்பான். "மண்ணு" என்பேன். ஒருநாள், "மண்ணுலயும் ராஜா இருப்பாருங்ணா, பொறுமையா எடுங்க" என்றான். எனக்கு அந்தச் சிம்பை எடுத்து அவன் புறங்கையில் குத்தலாம் போல வந்தது. குத்தவில்லை.

என் கை என் தட்டில் வேலை செய்துகொண்டிருந்தது, கண் முழுக்க அவன் தட்டில் இருந்தது. அவன் எந்தக் காசைக் கழற்றினாலும் எனக்குத் தெரியும். அது எதன் முதுகில் ஒட்டியிருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அடியில் என்ன கிடந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். எதிரி வயலில் எந்தச் சாலில் களை இருக்கிறது என்று பங்காளிக்குத் தெரிவதுபோல.

மேடம் திரும்பி வந்தபோது கட்டி இல்லை. இரண்டு தட்டு நிறையக் காசு இருந்தது. நாங்கள் இருவரும் பாராட்டுக்குக் காத்திருந்தோம். அவர் இரண்டு தட்டையும் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எது மேல எது இருந்துது?"

மாது தன் தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அடியில கிடக்கறது அப்பா காலத்துக் காசு, மேல கிடக்கறது பிள்ளைங்க காலத்துக் காசுன்னா, ஒருத்தர் வருஷக்கணக்கா போட்டுச் சேத்து வெச்ச கலயம். எல்லாம் கலந்து கிடந்தா, ஏதோ ஆபத்துல ஒரே தடவையா கொட்டிப் புதைச்சது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒண்ணு ஒண்ணா எடுக்கச் சொன்னேன். ரெண்டாப் பிளக்கச் சொல்லல."

"ஆளுக்குப் பாதின்னு சொன்னீங்களேங்க மேடம்" என்றான் மாது.

மேடம் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், இருவரையுமே திருப்பி அனுப்பப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. கிழக்கும் போயிற்று, மேற்கும் போயிற்று.

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. "மாது தட்டுல இருக்கற அந்த முத்துக் கிரீடக் காசுங்க மேடம், அது மூணு பேரு நிக்கற காசோட முதுகுல ஒட்டியிருந்துச்சு. அதுக்கடியில ஒரு ஒடைஞ்சது."

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

"பாத்தேங்க."

"இதுக்குப் பக்கத்துல?"

சொன்னேன். அடுத்தது கேட்டார். அதையும் சொன்னேன். மாது என்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, உங்க தட்டுல? இது எங்க இருந்துது?"

எனக்குத் தெரியவில்லை. என் கையால் கழற்றிய காசு. ஒன்றுகூடத் தெரியவில்லை.

"நான் சொல்றேங்க மேடம்" என்றான் மாது. "அது அண்ணன் பங்குல மேல் ஓரம். அதோட வயித்துல ரெண்டு மொழுக்கை கவுந்து கெடந்துச்சு."

இப்போது நான் அவனை வெறித்துப் பார்த்தேன். நல்ல பங்கை எடுத்தவன், என் மண்ணை எதற்குப் பார்த்துக்கொண்டிருந்தான்? பிறகு ஒரு நாள் நானே கேட்டேன். "பெருசுல என்னதான் இருக்குதோன்னு இருந்துச்சுங்ணா" என்றான். அவனுக்கும் சோறு இறங்கவில்லையாம்.

மேடம் களிமண் வாங்கிவரச் சொன்னார். அதில் காசுகளைத் திரும்பப் பதித்துக் கட்டியைக் கட்டினோம். அவன் பாதியை நான் சொல்லச் சொல்ல அவன் பதித்தான். என் பாதியை அவன் சொல்லச் சொல்ல நான் பதித்தேன். மேடம் தன் போட்டோக்களை வைத்து வெளிப்பக்கத்தைச் சரிபார்த்தார். பொருந்தியது. அப்பா காலத்துக் காசும் பிள்ளைகள் காலத்துக் காசும் மேலும் கீழும் கலந்தே இருந்தன. யாரோ அவசரத்தில் ஒரே தடவையில் கொட்டியிருக்கிறார்கள். "ஒருத்தர் தட்டை ஒருத்தர் இப்படிப் பாத்தா, சொந்தத் தட்டை யார்யா பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

யாரையும் திருப்பி அனுப்பவில்லை. எங்கள் இருவர் பேரையும் எழுதினார். மேலே இருந்து உத்தரவு வந்தபோது அதில் மாதுவின் பேர் இருந்தது. எனக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது. ஏதோ ஒரு சித்திரையில் அவனைவிடச் சில வருஷம் முந்திப் பிறந்ததற்குத் தண்டனை. மேடத்தைக் குறை சொல்ல முடியாது, மாதுவைக் குறை சொல்ல முடியாது, உத்தரவையும் குறை சொல்ல முடியாது. அன்றுதான் என் அப்பா கிணற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எனக்குப் புரிந்தது.

அவனே வந்து சொன்னான். "வயசுதானுங்ணா. இல்லாட்டி உங்களுக்குத்தான்."

"நல்லா இரு" என்றேன். நல்லா இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் என்னைவிட நல்லா இருக்க வேண்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பிறகு எனக்குக் கடத்தூர்ப் பக்கம் ஒரு கரட்டு மலையடியில், பழங்காலத்தவர் புதைகுழியைச் சுற்றி நட்ட கல்வட்டங்களுக்குக் காவல் வேலை கிடைத்தது. பல வருஷம் கூலியாக இருந்தவர்களுக்கு வயதைத் தளர்த்தியபோது அதில்தான் நிரந்தரமானேன், அதில்தான் ஓய்வும் பெற்றேன். வெயிலும் காற்றும் ஆடு மேய்ப்பவர்களும்தான் கூட்டு. கல் மேல் ஏறிப் படம் எடுக்கிறவர்களை இறங்கச் சொல்வேன். ஒரு தடவை பெரிய அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். அவர்களோடு மாதுவும் இறங்கினான், சட்டைப் பையில் லென்ஸ். "இவரு எங்க அண்ணனுங்க சார். என்னோட கைய விட இவரு கை நல்லா நிக்கும்" என்றான். அதிகாரி என் கையைப் பார்த்தார். கையில் தடி இருந்தது. "அப்படியா" என்று சொல்லிவிட்டு நடந்தார். மாது நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் இன்னும் எரிந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். சித்தப்பா எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நீங்கள் அவனிடம் போங்கள், வாருங்கள், கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நான் கை கழுவ எழுந்து போனால் மட்டும் பேச்சை நிறுத்தாதீர்கள். குழாயடியில் நின்றாலும் எனக்குக் காது கேட்கும்.

செவ்வாய்க்கிழமை ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன். அந்தக் காசுகளை இப்போது மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் நான் போய்ப் பார்த்ததில்லை. கூடத்தில் ஒருவரும் இல்லை. வாசல் காவலர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவன் பாதி, என் பாதி என்று அங்கே எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கலந்து வரிசையாக வைத்திருந்தார்கள். முத்துக் கிரீடம் தெரிந்தது. மூன்று பேர் நிற்கும் காசு தெரிந்தது. அடியில் கிடந்த உடைந்தது, அதன் பக்கத்தில் இருந்தது, எல்லாம் பழகிய முகம்போல ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மாது கழற்றியதில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. மீதி இருந்தவற்றை நான் முன்னே பின்னே பார்த்ததே இல்லை போல இருந்தது. அப்படியென்றால் அவையெல்லாம் நான் கழற்றியவை.

வரிசையின் ஓரத்தில் இருந்த ஒரு மொழுக்கைக் காசின் மேல் குனிந்தேன். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துண்டால் துடைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு மறுபடி குனிந்து, அதில் இருப்பது அண்ணனா தம்பியா என்று பார்க்க ஆரம்பித்தேன்.